மார்க்கெட்டிங் பிட்ச் போட்டி: கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரிகளின் வணிகவியல், மேலாண்மைத் துறைகள் நடத்தும் விழாக்களில், வினாடி வினாவுக்கும் 'பெஸ்ட் மேனேஜர்' போட்டிக்கும் பக்கத்தில் மார்க்கெட்டிங் பிட்ச் போட்டியும் இப்போது இடம்பிடித்திருக்கிறது. ஒரு பொருளையோ சேவையையோ யாருக்கு, என்ன விலையில், எந்த வழியாக, எதைச் சொல்லி விற்கப்போகிறீர்கள் என்பதை ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் நடுவர்கள் ஏற்றுக்கொள்ளும்படி ஓர் அணியாக நின்று எடுத்துரைப்பதே இந்தப் போட்டி. இதை ஆட்-ஸாப் போட்டியோடு குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் பலர். ஆட்-ஸாப்பில் கையில் கொடுத்த பொருளுக்கு அங்கேயே ஒரு விளம்பரம் நடித்துக் காட்டினால் போதும். தொழில்திட்டப் போட்டியிலோ நிறுவனத்தைத் தொடங்கி நடத்துவதற்கான முதலீட்டுக் கணக்கு முழுவதையும் கேட்பார்கள். பிட்ச் போட்டி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் நடிப்பும் கொஞ்சம் வேண்டும், கணக்கும் வேண்டும், இவை எல்லாவற்றுக்கும் முன்பாக வாங்குகிறவரைப் பற்றிய தெளிவு வேண்டும்.

நான் கடலூரைச் சேர்ந்தவன். புதுச்சேரியில் வணிகவியல் கற்பிக்கிறேன். மாணவர் அணிகளை இத்தகைய போட்டிகளுக்குத் தயார்செய்து அனுப்பியும் இருக்கிறேன், சில இடங்களில் நடுவராக அமர்ந்தும் இருக்கிறேன். நம் பகுதி மாணவர்கள் தோற்றுத் திரும்பும்போது, ஆங்கிலம் சரளமாக வராததே காரணம் என்று தங்களுக்குள் முடிவுசெய்துகொள்கிறார்கள். நடுவர் நாற்காலியிலிருந்து பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றியதில்லை. பெரும்பாலான அணிகள் தாங்கள் விற்கப்போவதாகச் சொல்லும் பொருளை விற்கும் ஒரு கடையில் பத்து நிமிடம்கூட நின்றதில்லை என்பது அவர்களின் மூன்றாவது வாக்கியத்திலேயே வெளிப்பட்டுவிடும். ஆகவே இந்த வழிகாட்டியில் மேடையைப் பற்றிச் சொல்வதைவிடக் கடைத்தெருவைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

அறிவிப்பும் அணியும்

போட்டி அறிவிப்பைப் பேனாவோடு உட்கார்ந்து படியுங்கள். அணியில் எத்தனை பேர், பொருளை அவர்கள் தருவார்களா அல்லது நீங்களே தேர்ந்தெடுக்கலாமா, எத்தனை ஸ்லைடுகள் அனுமதி, முன்கூட்டியே அனுப்ப வேண்டுமா, மதிப்பெண் எவ்வாறு பிரிக்கப்படுகிறது, தமிழில் பேசலாமா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடம் என்று போட்டிருந்தால் அதில் கேள்வி நேரமும் அடக்கமா என்று மாணவர் ஒருங்கிணைப்பாளரைக் கட்டாயம் கேளுங்கள். இதைக் கேட்காமல் போய் முடிவுரை சொல்வதற்குள் மணி அடிக்கப்பட்ட அணிகள் உண்டு. வகுப்புக்கு வராததற்கு அனுமதி தரும் ஓ.டி. கடிதம், இந்தக் கல்லூரி மாணவர் என்று காட்டும் போனஃபைட் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றைத் துறையில் ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அணிக்கு மூன்று அல்லது நான்கு பேர் போதும். நன்றாகப் பேசுபவர்களை மட்டும் சேர்த்து அமைக்கும் அணி பெரும்பாலும் தடுமாறும். அறிமுகமில்லாதவர்களிடம் கூச்சமின்றிப் போய்ப் பேசக்கூடிய ஒருவர், கூட்டல் பெருக்கலில் பொறுமையுள்ள ஒருவர், எழுத்தையும் வடிவமைப்பையும் பார்த்துக்கொள்ளும் ஒருவர் என்று அமைவது நல்லது. பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டாலும், கணக்கை மட்டும் அனைவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். நடுவர் கேள்வி கேட்கும்போது, "அது அவருடைய பகுதி" என்று பக்கத்தில் நிற்பவரைக் காட்டினால் அந்த அணியின் மீது இருந்த நம்பிக்கை குறைந்துவிடும்.

எந்தப் பொருளை எடுப்பது

பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால், பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பக்கூடிய தொலைவில் உருவாகும் ஒன்றை எடுங்கள். நம் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை. பண்ருட்டியின் பலா, காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரி, புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடுகள், அதே குறியீடு பெற்ற திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகள், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதம் என்று பட்டியல் நீளும். அவற்றைச் செய்கிறவர்களைக் கண்ணால் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை செய்ய முடியும், எது வீணாகிறது, யார் வந்து வாங்கிப்போகிறார்கள் என்று கேட்டறியலாம். செல்போன் செயலி, மின்சார ஸ்கூட்டர், ட்ரோன் என்று தொலைவில் உள்ளதை எடுக்கும் அணிகள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் அதே எண்களைத்தான் கொண்டுவர முடிகிறது. நடுவர்கள் ஒரே நாளில் அந்த எண்களை நான்கு முறை கேட்டிருப்பார்கள்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் எடுத்துக்காட்டாகப் பண்ருட்டிப் பலா சிப்ஸை வைத்துக்கொள்கிறேன். இது எளிமையான பொருளாகத் தோன்றினாலும், கேள்விகள் நிறைந்த பொருள். பலா கோடைப் பருவத்துப் பழம். போட்டிகளோ பெரும்பாலும் அந்தப் பருவத்துக்கு வெளியே நடக்கின்றன. ஆகவே, ஆண்டு முழுவதும் சரக்கு எப்படி வரும் என்ற கேள்வி முதலிலேயே எழும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் சாய்த்துப்போட்டதை நம் வீடுகளில் இன்றும் பேசுகிறார்கள். உள்ளூரிலிருந்து வந்த நடுவர் ஒருவர், இன்னொரு புயல் வந்தால் உங்கள் கடைகளுக்கு என்ன அனுப்புவீர்கள் என்று கேட்டால், அது உங்களை மடக்குவதற்கான கேள்வி அல்ல. அவர் நேரில் பார்த்ததிலிருந்து கேட்கிறார்.

கடைத்தெருவில் நான்கு நாட்கள்

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது என்றால் முதல் வாரத்தில் மடிக்கணினியைத் திறக்க வேண்டாம். நான்கு நாட்களை ஒதுக்கி வெளியே போங்கள். ஒரு நாள் காலை திருப்பாதிரிப்புலியூர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தின்பண்டக் கடைகள், ஒரு நாள் மாலை புதுச்சேரி நேரு வீதி, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியின் சண்டே மார்க்கெட், இன்னொரு நாள் பண்ருட்டி என்று பிரித்துக்கொள்ளலாம். விடுதியில் உள்ள நண்பர்களுக்கு கூகுள் படிவம் அனுப்பி அறுபது பதில் வாங்கி, அதை வட்ட வரைபடமாகப் போடுவது சுலபம்தான். ஆனால் அந்த அறுபது பேரும் உங்கள் வயதும் உங்கள் பையிலுள்ள அதே பணமும் கொண்டவர்கள். உங்களுக்குத் தெரியாத எதையும் அவர்கள் சொல்லப்போவதில்லை.

கேட்கும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. "இப்படி ஒரு சிப்ஸ் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால், எதிரில் நிற்கும் பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே நம் ஊரில் எல்லோரும் வாங்குவோம் என்பார்கள். அந்த விடையால் ஒரு பயனும் இல்லை. நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது சிப்ஸ் வாங்கினீர்கள், எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், யாருக்காக வாங்கினீர்கள், அந்தக் கடையில் நீங்கள் கேட்டது இல்லையென்றால் என்ன வாங்கினீர்கள் என்ற ஐந்து கேள்விகளே போதும். நடக்கப்போவதைப் பற்றிய பேச்சு மரியாதைக்காகச் சொல்லப்படுவது. நடந்துமுடிந்ததைப் பற்றிய பேச்சில் நம்பத்தகுந்த விவரம் இருக்கும்.

கடைக்காரர்களிடம் போகும்போது கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போங்கள். முதலில் ஏதேனும் ஒன்றை வாங்குங்கள். "அண்ணே, காலேஜ் போட்டிக்காகக் கேக்குறோம், இந்தச் சரத்துல எது சீக்கிரம் போகுது?" என்று ஆரம்பித்தால் பெரும்பாலோர் மனம் திறந்து சொல்வார்கள். அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். என் மாணவர்கள் ஒருமுறை இப்படிப் போனபோது, சுவையைப் பற்றியும் உறையின் அழகைப் பற்றியும் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "ஓடலைன்னா திருப்பி எடுத்துப்பீங்களா?" என்பது. இரண்டாவது கேள்வி, எந்தக் கம்பியில் தொங்கவிடுவது, அங்கே இப்போது தொங்குவதை எங்கே வைப்பது என்பது. சிறிய கடையில் தொங்கவிடும் இடம்தான் சொத்து. அந்த இடத்துக்கு உங்கள் பாக்கெட் என்ன வாடகை தரும் என்பதே அவருடைய கணக்கு. கடைக்காரரும் உங்கள் வாடிக்கையாளரே என்பதை எந்தப் பாடநூலைவிடவும் தெளிவாக அந்த இரண்டு கேள்விகள் என் மாணவர்களுக்குப் புரியவைத்தன. அன்று இரவே அவர்கள் தங்கள் திட்டத்தில் காலாவதித் தேதிக்கு முன் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். அதற்கான செலவையும் கணக்கில் எழுதினார்கள்.

கேட்ட சொற்களை அப்படியே எழுதி வைப்பது முக்கியம். உங்கள் மொழிக்கு மாற்றாதீர்கள். "ஊருக்குப் போறப்போ கையில எதாவது வேணும்ல" என்று ஓர் அம்மா சொன்னால், அதைப் 'பயண நினைவுப்பொருள் தேவை' என்று குறிப்பேட்டில் மாற்றி எழுதிய மறுகணம் அதன் உயிர் போய்விடும். அந்த வாக்கியமே பிறகு உங்கள் ஸ்லைடாகலாம், விளம்பர வரியாகவும் ஆகலாம்.

ஒருவரைத் தேர்ந்தெடுத்தல்

நான்கு நாள் முடிவில் உங்களிடம் நாற்பது ஐம்பது பேரின் பேச்சு சேர்ந்திருக்கும். அதிலிருந்து ஒருவரை மட்டும் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. பலா சிப்ஸை நம் பகுதியில் இருவேறு மனிதர்கள் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கோ விழுப்புரத்துக்கோ பேருந்து ஏறுகிறவர். கொறிப்பதற்குப் பத்து ரூபாய்க்கு ஏதேனும் வேண்டும் என்று பார்க்கிறார். மற்றவர் வார இறுதியில் குடும்பத்தோடு சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ புதுச்சேரிக்கு வந்து, ஞாயிறு மாலை திரும்பும்போது பக்கத்து வீட்டாருக்கும் அலுவலகத்துக்கும் கொடுக்க ஏதேனும் தேடுகிறவர். முன்னவருக்குச் சிறிய உறையும் கைக்கெட்டும் விலையும் வேண்டும். உறை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது அவருக்குப் பொருட்டில்லை. பின்னவருக்கோ இது எந்த ஊர்ப் பொருள் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், பையில் நொறுங்காமல் போக வேண்டும், கொடுக்கும்போது கௌரவமாக இருக்க வேண்டும்.

இருவருக்கும் சேர்த்து ஒரே திட்டம் போடும் அணி இருவரையும் இழக்கும். '18 முதல் 45 வயது வரையுள்ள, ஆரோக்கியத்தில் அக்கறைகொண்ட நகரவாசிகள்' என்று எழுதும்போது எழுதுகிறவருக்கே ஒரு முகமும் நினைவுக்கு வருவதில்லை. ஞாயிறு மாலை நாலரை மணிக்குக் காரில் ஏறப்போகும் அந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், எங்கே விற்பது என்ற கேள்விக்கு விடை தானாகவே கிடைக்கும். நேரு வீதி, கடற்கரைப் பக்கத்துக் கடைகள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி நிறுத்தும் இடங்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைக்கலாம். உறையின் முகப்பில் 'பண்ருட்டி' என்ற பெயர் பொருளின் பெயரைவிடப் பெரிதாக இருக்கலாம் என்ற முடிவும் அதிலிருந்தே வரும்.

விலையும் உறையின் அளவும் எவ்வளவு பெரிய முடிவுகள் என்பதற்குக் கடலூர்க்காரர்கள் வெளியே போய் எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. புட்டியில் விற்ற ஷாம்புவைச் சிறு சாஷேயில் அடைத்தால் கூலிக்கு வேலைசெய்கிறவரும் வாங்க முடியும் என்று எண்ணியவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் மறைந்த பிறகு பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான சி. கே. ரங்கநாதன் பிரிந்துவந்து, 1983ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கினார்; தன் ஷாம்புவுக்குத் தந்தையின் பெயரெழுத்துகளிலிருந்தே சிக் என்ற பெயரை எடுத்தார். அந்த நிறுவனம்தான் பின்னர் கெவின்கேர் ஆனது. கிராமங்களுக்குப் போய், ஒரு பையனை உட்காரவைத்து எல்லோர் முன்னிலையிலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதும், காலி சாஷேக்களைக் கொண்டுவந்து கொடுத்தால் சிக் ஒன்று இலவசம் என்று அறிவித்ததும் அவர்கள் கையாண்ட வழிகள். தொடக்கத்தில் எந்த ஷாம்புவின் காலி உறையும் செல்லும் என்றார்கள். பிறகு சிக் உறை மட்டுமே செல்லும் என்று மாற்றினார்கள். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் அணியினரோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். முதல் அறிவிப்பு வேறு ஷாம்பு வாங்குகிறவரையும் முயன்றுபார்க்க அழைக்கிறது. இரண்டாவது, முயன்று பார்த்தவரைத் திரும்ப வாங்க வைக்கிறது. உங்கள் திட்டத்திலும் முதன்முறை வாங்க வைப்பது எது, மறுமுறை வாங்க வைப்பது எது என்று தனித்தனியே சொல்ல முடிய வேண்டும்.

இதற்குப் பிறகு, உங்கள் பிட்ச் முழுவதையும் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். "புதுச்சேரிக்கு வந்துவிட்டு ஞாயிறு மாலை ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு, இந்த மண்ணின் பொருள் என்று சொல்லிக் கொடுக்கத்தக்க பண்ருட்டிப் பலா சிப்ஸை, நூறு ரூபாய் உறையில், அவர்கள் வண்டி ஏறும் இடத்திலேயே விற்கிறோம்." இதில் ஒரு சொல்லை எடுத்தால் பொருள் மாறுகிறதா என்று பாருங்கள், மாறவில்லையென்றால் அந்தச் சொல் வேண்டாதது. 1960ல் ஜெரோம் மெக்கார்த்தி வகுத்த பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கும் இந்த வாக்கியத்துக்குள் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் மேடையில் அந்த நான்கையும் தலைப்புகளாகப் போட்டு ஒவ்வொன்றாக விளக்காதீர்கள். அது தேர்வு விடைத்தாளைப் போல் ஒலிக்கும்.

கணக்கு

நம் மாணவர்கள் அதிகம் பயப்படுவதும், ஆகவே எளிதில் முந்திச்செல்லக்கூடியதும் இந்த இடம்தான். கீழே வரும் எண்கள் யாவும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. நீங்கள் கடையிலும் செய்பவரிடமும் கேட்டறிந்த எண்களை இவற்றின் இடத்தில் வையுங்கள்.

150 கிராம் உறையின் எம்.ஆர்.பி. 100 ரூபாய் என்போம். அதில் கடைக்காரரின் மார்ஜின் 20 ரூபாய், டிஸ்ட்ரிபியூட்டருக்கு 7 ரூபாய், வரி 5 ரூபாய் போனால் உங்கள் கைக்கு வருவது 68 ரூபாய். பழம், எண்ணெய், கூலி, உறை, வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 48 ரூபாய் என்றால், ஓர் உறைக்கு 20 ரூபாய் மிஞ்சுகிறது. போட்டியில் மார்க்கெட்டிங் செலவுக்கு 50,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பணம் திரும்புவதற்கே 2,500 உறைகள் விற்க வேண்டும். மூன்று மாதம் என்பது 13 வாரம். வாரத்துக்கு ஏறக்குறைய 192 உறைகள். நாற்பது கடைகளில் வைத்தால், ஒரு கடைக்கு வாரம் ஐந்து உறைகள். இங்கே வந்து நிறுத்துங்கள். "எங்கள் திட்டம் வெற்றிபெற ஒரு கடையில் வாரத்துக்கு ஐந்து உறை விற்றால் போதும், நாங்கள் பேசிய கடைக்காரர்கள் அது முடியும் என்கிறார்கள்" என்று ஒரு மாணவி மேடையில் சொல்லும்போது, இந்தியத் தின்பண்டச் சந்தை இத்தனை ஆயிரம் கோடி என்று தொடங்கிய அணிகளை நடுவர்கள் மறந்துவிடுவார்கள்.

இதே போல ஒவ்வொரு யோசனையையும் உடைத்துப் பார்க்க வேண்டும். சுவைத்துப் பார்க்கக் கொடுப்பது நல்ல யோசனை என்று எல்லா அணிகளும் சொல்லும். ஆளுக்கு 5 கிராம் கொடுத்தால் ஓர் உறையில் முப்பது பேர் சுவைக்கலாம். 48 ரூபாயை முப்பதால் வகுத்தால் ஆளுக்கு 1 ரூபாய் 60 காசு. ஆயிரம் பேருக்கு 1,600 ரூபாய். உறைக்கு 20 ரூபாய் மிஞ்சுவதால், 80 உறை விற்றால் செலவு திரும்பிவிடும். அதாவது சுவைத்த நூறு பேரில் எட்டுப் பேர் வாங்க வேண்டும். அடடா, எளிதுதானே என்று தோன்றும். ஆனால் தட்டை ஏந்தி நிற்கிறவருக்கு நாள் கூலி 600 ரூபாய், ஒரு நாளில் அவர் 250 பேருக்குக் கொடுக்கிறார் என்றால், ஆயிரம் பேருக்கு நான்கு நாள், 2,400 ரூபாய். இப்போது மொத்தம் 4,000 ரூபாய். நூறு பேரில் இருபது பேர் வாங்கினால்தான் கட்டுப்படியாகும். ஆகவே வார நாட்களில் நிற்பதைவிட, வாங்கும் எண்ணத்தோடு குடும்பங்கள் வரும் சனி ஞாயிறு மாலைகளில் மட்டும் நிற்பது சரி என்ற முடிவுக்கு நீங்கள் கணக்கின் வழியாகவே வந்து சேர்வீர்கள். இந்தப் பாதையை நடுவருக்கு ஒரே ஸ்லைடில் காட்டலாம்.

இன்ஸ்டாகிராம் பற்றி ஒரு சொல். 'சமூக ஊடகங்களில் வைரலாக்குவோம்' என்பது திட்டம் ஆகாது. யாருடைய பக்கம், எத்தனை பதிவுகள், எவ்வளவு கட்டணம், அதைப் பார்த்தவர் எந்தக் கடையில் போய் வாங்குவார் என்று சொல்ல முடியுமானால் சேருங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சொல்லக்கூடாதவை

உணவுப் பொருளுக்கு விளம்பரம் எழுதும்போது கை அடக்கம் வேண்டும். பலாவைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே, சர்க்கரை நோய்க்கு நல்லது என்று எழுதிவிடும் ஆசை மாணவர்களுக்கு வருகிறது. உணவு விளம்பரங்களில் என்ன சொல்லலாம் என்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் உள்ளன; தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். எண்ணெயில் பொரித்த பண்டத்தை மருந்தாகக் காட்டுவது வாங்குகிறவருக்குச் செய்யும் தீங்கு. போட்டி என்பதால் அது சிறிய தவறாகிவிடாது. மாதிரி உறை செய்து காட்டுவதாக இருந்தால், எடை, எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, 14 இலக்க உரிம எண்ணுக்கான இடம், சைவத்துக்கான பச்சைக் குறி ஆகியவற்றை விடாதீர்கள். இல்லாத எண்ணை இட்டுக்கட்டாமல் இடத்தை மட்டும் காட்டினால் போதும். மாதிரியைச் சுவைக்கக் கொடுக்க பிளாஸ்டிக் கப் வைத்திருந்த ஓர் அணியை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் அது தடைசெய்யப்பட்ட பொருள். வாழையிலைத் துண்டோ தொன்னையோ நம் ஊரில் எங்கும் கிடைக்கும்.

பேசும் மொழியும் ஸ்லைடும்

தமிழ்வழியில் படித்துவந்த மாணவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். தமிழில் பேச அனுமதி உண்டென்றால் தயங்காமல் தமிழில் பேசுங்கள். ஆங்கிலம் கட்டாயம் என்றால், கட்டுரை போல எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் அடுத்த பத்து வாக்கியங்களும் தொலைந்துபோகும். சிறிய வாக்கியங்களாக, நீங்கள் வகுப்பில் பயன்படுத்தும் ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள். கடைக்காரரும் அந்த அம்மாவும் சொன்னவற்றை மட்டும் தமிழிலேயே சொல்லிவிட்டு, அதன் பொருளை ஆங்கிலத்தில் ஒரு வரியில் தாருங்கள். அந்த இடத்தில் உங்கள் குரல் தானாகவே உறுதிப்படுவதை நீங்களே உணர்வீர்கள், ஏனென்றால் அது நீங்கள் காதால் கேட்டது.

தொடக்கத்தில் கல்லூரிப் பெயர், அணியின் பெயர், நன்றியுரை என்று நாற்பது விநாடியைச் செலவிட வேண்டாம். ஞாயிறு மாலை நாலரை மணிக்கு நேரு வீதியில் நீங்கள் பார்த்த அந்தக் குடும்பத்திலிருந்து தொடங்குங்கள். முடிக்கும்போது நடுவரிடம் ஒரு முடிவைக் கேளுங்கள்: "நாற்பது கடைகளில் மூன்று மாதம் முயன்று பார்க்க இந்த 50,000 ரூபாயை ஒதுக்குங்கள்" என்பது கேட்பவருக்குத் தெளிவாக இருக்கும்.

ஸ்லைடுகள் ஆறு அல்லது ஏழு போதும். ஒரு ஸ்லைடில் ஒரு செய்தி. கடைசி வரிசையில் இருப்பவர் படிக்கும் அளவில் எழுத்து. தமிழ் எழுத்துருக்கள் வேறு கணினியில் கட்டம் கட்டமாக மாறிப்போவது நம் எல்லோருக்கும் நேர்ந்ததுதான். யூனிகோடு எழுத்துருவைப் பயன்படுத்துங்கள், பிடிஎஃப் நகல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் போட்டுவையுங்கள். மின்சாரம் போனால் பேசுவதற்கு ஏற்றபடி, கணக்கு மட்டும் அச்சிட்ட ஒரு தாளை நடுவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப எடுத்துச் செல்லுங்கள். ஒத்திகையைச் செல்போன் கடிகாரத்தோடு, நின்றுகொண்டு, உரக்கப் பேசிச் செய்ய வேண்டும். எட்டு நிமிடத்துக்கு ஏழு நிமிடப் பேச்சே சரி. மேடையில் எதுவும் ஒத்திகையில் எடுத்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும்.

கேள்வி நேரம்

நான் நடுவராக இருந்த இடங்களில் அணிகளின் வரிசை கேள்வி நேரத்தில்தான் மாறியிருக்கிறது. பருவம் முடிந்தபின் சரக்கு எங்கிருந்து வரும், உங்கள் திட்டம் வெற்றிபெற்றதைப் பார்த்துப் பெரிய நிறுவனம் ஒன்று இதையே எண்பது ரூபாய்க்கு இறக்கினால் என்ன செய்வீர்கள், பணத்தைப் பாதியாகக் குறைத்தால் எதை விடுவீர்கள் என்ற மூன்றையும் எதிர்பார்த்துப் போங்கள். மூன்றாவது கேள்விதான் உங்கள் திட்டத்தை நீங்களே எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்பதை அளக்கும் கேள்வி. எதை விடுவோம் என்று உடனே சொல்லும் அணிக்கு எது முக்கியம் என்று தெரிந்திருக்கிறது.

கேள்வியை முழுவதும் கேட்டு முடிக்கவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அதை எப்படிக் கண்டறிவீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். "அந்த விலையை நாங்கள் கேட்கவில்லை, ஐயா, பண்ருட்டியில் நாங்கள் பார்த்த தயாரிப்பாளரிடம் கேட்டால் தெரிந்துவிடும்" என்ற விடைக்கு நான் முழு மதிப்பெண் தந்திருக்கிறேன். நடுவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்றால் வாதாட வேண்டாம். அந்த ஸ்லைடுக்குத் திரும்பிப் போய் அதே எண்ணை இன்னொரு முறை காட்டுங்கள்.

போட்டி நாளன்று ஒரு மணி நேரம் முன்பே போய், ப்ரொஜெக்டரோடு இணைக்கும் கம்பி உங்கள் மடிக்கணினிக்குப் பொருந்துகிறதா, மைக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். உங்கள் முறை முடிந்ததும் வெளியே போய்விடாமல், அனுமதி உண்டென்றால் மற்ற அணிகளையும் உட்கார்ந்து கேளுங்கள். முடிவு அறிவித்த பிறகு நடுவரிடம் சென்று, எங்கள் திட்டத்தில் எதை நீங்கள் நம்பவில்லை என்று கேட்டுப் பாருங்கள். இப்படிக் கேட்பவர்கள் குறைவு, ஆகவே பெரும்பாலும் நேரம் ஒதுக்கிச் சொல்வார்கள். அன்று மாலை பேருந்தில் கடலூருக்குத் திரும்பும்போதே, கேட்கப்பட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன விடைகளையும் எழுதிவிடுங்கள். மறுவாரம், உங்களோடு பேசிய கடைக்காரரிடம் போய், போட்டியில் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு, நடுவர் நம்ப மறுத்த அந்த எண்ணைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள்.